மழை வந்தால் கண்ணாடிக்கு என்ன?

"மழ வருதே தம்பி, இப்பத் தொடச்சி என்னா பிரயோசனம்? அடுத்த வாரம் வாயேன்."

புக்கிட் ரோத்தானிலிருந்து தஞ்சோங் காராங் வரை, அக்டோபர் பிறந்தால் வாடிக்கையாளர் வீடுகளில் இதே பேச்சுதான். சன்னல் துடைப்பவனுக்கு மழைக்காலத்தில் வேலை கிடையாது என்று முடிவே கட்டிவிட்டார்கள். இந்த நினைப்பு பால்மரக் காட்டிலிருந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது. பட்டை நனைந்திருந்தால் மரம் சீவ முடியாது. சீவினாலும் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரமெங்கும் வழிந்து வீணாகும். விடியலில் மழை என்றால் அன்றைய கூலி போச்சு. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயத்தை விட்டு நாங்கள் வெளியேறிய பிறகும் அந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

மழைநீரில் உப்பு மிகக் குறைவு. சுத்தமான கண்ணாடியில் விழுந்து காய்ந்தால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. கறையாகத் தெரிவது ஏற்கெனவே படிந்திருந்த அழுக்கு. எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை: பெஸ்தாரி ஜெயா மணல் லோரிகள் (பெரியவர்களுக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) கிளப்பும் புழுதி, செக்கிஞ்சான் வயல்களில் வைக்கோல் எரித்த கரி, பாசிர் பெனாம்பாங் ஆற்றோரத்து உப்புக்காற்று. போதாததற்குப் புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலையே அறிவித்தார்கள். சாம்பல் படிந்த கண்ணாடியில் நல்ல மழை அடித்தால் பாதி வேலையை அதுவே முடித்துவிடும். தூறல்தான் ஆகாது. தூசியை நனைத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டவைத்துவிட்டுப் போய்விடும்.

எனக்கு உண்மையான தொல்லை வெயில். உச்சிவேளையில் சவர்க்கார நீர், ரப்பர் பட்டை வந்து சேரும் முன்பே காய்ந்து கோடாகிவிடும். மந்தாரமான நாளில் நீர் நின்று நிதானம் தரும். மேல் மூலையில் தொடங்கி, கையை எடுக்காமல் வளைத்து வளைத்துக் கீழே கொண்டுவரலாம். 1936இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் எத்தோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியக் குடியேறி, பித்தளைப் பிடியில் ஒற்றை ரப்பர் பட்டையைப் பொருத்தினார். இன்று என் கையில் இருப்பதும் அந்த வழிவந்ததுதான். பட்டையின் விளிம்பு மழுங்கினால் திருப்பிப் போட வேண்டும், அதுவும் மழுங்கினால் தூக்கிப் போட வேண்டும். அதில் மிச்சம் பிடிப்பவன் நாள் முழுக்கத் துணியோடு கோடு அழித்துக்கொண்டிருப்பான். பழைய வீடுகளில் கண்ணாடிகளை அடுக்கடுக்காகப் பொருத்திய நாக்கோ சன்னலில் இந்த வித்தை எதுவும் செல்லாது. ஒவ்வொரு கண்ணாடியாகக் கையால்தான்.

மழைக்காலத்துக்கென்றே ஒரு வேலை உண்டு, யாரும் கேட்டு வாங்குவதில்லை. இழுவைச் சன்னலின் அலுமினியச் சட்டத்தின் அடியில், நீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். குளவி மண்ணும் எறும்புப் புற்றும் அவற்றை அடைத்துவிட்டால் மழைநீர் காடியில் தேங்கி வீட்டுக்குள் வழியும். சன்னல் ஒழுகுகிறது என்று சிலிக்கோன் பூச ஆள் தேடுவார்கள். துளைகளைத் திறக்கப் பழைய பல்துலக்கியும் கம்பித் துண்டும் இருந்தால் போதும்.

நேரம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டின் நடுப்பகுதியில் சுமத்ராக் காற்று விடியலில் மழையோடு வந்து, பெரும்பாலும் முற்பகலுக்குள் ஓய்ந்துவிடும். அப்போது வேலை பிற்பகலில். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை, ஆகவே காலையிலேயே ஏணியைச் சாத்திவிடுவேன். நனைவதற்கு நான் பயப்படுவதில்லை. ஆனால் தூரத்தில் ஓர் இடி கேட்டாலும் அலுமினியக் கோலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

தயங்குபவர்களிடம் சொல்லிவிடுவேன்: இரண்டு நாளுக்குள் மழையால் கறை வந்தால் காசில்லாமல் வந்து துடைக்கிறேன். கூப்பிடுபவர்கள் குறைவு. போய்ப் பார்த்தால் கறை பெரும்பாலும் உள்பக்கம், அடுப்படித் தாளிப்பு எண்ணெய். உள்பக்கத்துக்குக் கூலி தனி.