சாம்பல் படிந்த ஆறு

நம் பங்கில் மீன் விற்கும் அம்மாள் ஒருவர், "சாமி, இது காசிமேட்டு மீன், எண்ணூர் மீன் இல்லீங்க" என்று ஆணையிடாத குறையாகக் கூறுவது வழக்கம். பிறந்த ஊரின் பெயரையே அவர் மறைப்பானேன்? காரணத்தைக் கண்ணால் காண, மாதவரத்திலிருந்து மணலி வழியாக ஒருநாள் காலை எண்ணூருக்குப் புறப்பட்டோம்.

பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து வரும் கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. மடவையும் கெளுத்தியும் இறாலும் நண்டும் தலைமுறை தலைமுறையாக மீனவரை வாழ்வித்த நீர்நிலை அது. நம்மைப் படகில் அழைத்துச் சென்ற முதியவர், ஓரிடத்தில் இறங்கிக் காலால் அடிமண்ணைக் கிளறினார். கருஞ்சேறு வரவில்லை, சாம்பல் புகைபோல் எழுந்தது. "எங்கப்பா காலத்துல இங்க கோல் எட்டாது சாமி. இப்ப முழங்கால் தண்ணி" என்றார்.

சுரங்கம் நம் ஊரில் இல்லை. அதன் எச்சம் நம் ஆற்றில் கிடக்கிறது. ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களில் வெட்டப்படும் நிலக்கரி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி வடசென்னை அனல்மின் நிலையத்திற்கு வருகிறது. அத்தகைய கரியை 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ சாம்பல் எஞ்சும். நீரில் கரைத்துக் குழாய் வழியே அனுப்பப்பட்ட அச்சாம்பல், குழாய்கள் பழுதுற்றபோதெல்லாம் ஒழுகி ஆற்றில் படிந்தது.

சாம்பலில் ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் முதலியன கலந்துள்ளன. உதிர்ந்த இலை மட்கிவிடும்; உலோகம் அழிவதில்லை. சேற்றுப் புழுவின் உடலில் சேர்ந்து, அதை உண்ணும் இறாலுக்கும் நண்டுக்கும் செல்கிறது. பாதரசமோ சிறுமீனிலிருந்து பெருமீனுக்குப் படிப்படியாகப் பெருகுகிறது. ஈயம் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். காட்மியம் சிறுநீரகத்தைத் தாக்கும். ஜப்பானின் மினமாட்டாவில், ஆலைப் பாதரசம் கலந்த மீனை உண்டோர் நரம்பு நோயால் துடித்த செய்தி 1956இல் வெளிப்பட்டது. எண்ணூர் இன்னொரு மினமாட்டா என்று நாம் கூறவில்லை. ஆனால் அங்கே காலம் கடந்து கற்ற பாடத்தை இங்கே மறக்கலாகாது.

மீனவர் தொடுத்த வழக்கில், சாம்பலை அகற்றி ஆற்றைச் சீரமைக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் ஆணையிட்டது. ஆணை ஏட்டோடு நில்லாமல் ஆற்றுக்கு வந்து சேர வேண்டும்.

அன்பர்களே, எண்ணூர் மீன் வேண்டாமென மறுப்பது எளிது. அதனால் தண்டிக்கப்படுவது யார்? ஒரு பிடிச் சாம்பலும் கொட்டாத அந்த அம்மாள் அன்றோ! விளக்கின் ஒளி நம் வீட்டிற்கு. சாம்பல் அவர் ஆற்றிற்கு. ஆற்றைத் தூய்மையாக்கக் கேட்கும் குரல் மீனவர் குரலாக மட்டும் இருத்தல் தகுமா? அந்த அம்மாள் தம் ஊர்ப் பெயரைச் சொல்லி மீன் விற்கும் நாள் வர, நாமும் உடன் நிற்போம்.