இலைக்கு முன்னே பூ

மார்ச் நடுப்பகுதியில் ரொறன்ரோவைப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும். வெள்ளையாகக் கொட்டிய ஸ்னோவெல்லாம் உப்பும் புகைக்கரியும் சேர்ந்து தெருவோரத்தில் சாம்பல் மேடுகளாக இறுகிக் கிடக்கும். மரங்களில் ஒரு துளிர் இருக்காது. அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. கார்த்திகையில் யன்னலோரக் கதிரையில் அமர்ந்தால் வைகாசியில்தான் எழும்புவார். "இந்த முறை தாங்கேலாது தம்பி" என்று அவர் சொன்ன அன்றிரவே விக்ரோறியாவுக்கு இரண்டு ரிக்கெற் போட்டேன்.

வன்கூவர் வரை ஐந்து மணி நேரத்துக்கு மேல் விமானம். பிறகு ஒன்றரை மணி நேரம் கப்பல். நேரே விக்ரோறியாவுக்கே பறக்கலாம், ஆனால் அந்தக் கப்பல் பயணத்தைத் தவறவிடக் கூடாது. கலியானோ, மேய்ன் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய கால்வாய் வழியாகக் கப்பல் வளைந்து போகும். இரு பக்கமும் ஊசியிலைக் காடு கைக்கெட்டும் தூரத்தில் வரும். அம்மா மேல்தட்டிலே நின்று, கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினார். அந்த மாரி முழுவதும் வெளியில் நின்று அவர் அதைச் செய்ததை நான் கண்டதில்லை.

விக்ரோறியா, வன்கூவர் தீவின் தென்முனையில் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தலைநகர். பசிபிக் கடல் அதைக் கடுங்குளிரிலிருந்து காக்கிறது. நீரிணைக்கு அப்பால் அமெரிக்கப் பக்கத்தில் நிற்கும் ஒலிம்பிக் மலைகள் மழையில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. அதனால் வன்கூவரில் கொட்டுகிற மழையில் ஏறக்குறைய பாதி அளவுதான் இங்கே பெய்கிறது. கனடாவின் மற்றப் பகுதிகள் உறைந்து கிடக்கையில் இந்த ஊர்க்காரர் தங்கள் தோட்டங்களில் பூ எண்ணுவார்கள். உண்மையாகவே எண்ணுவார்கள். 1970களில் தொடங்கிய வழக்கம் இது. மாரி முடிகிற நாட்களில் ஒரு வாரம் எண்ணிக் கணக்குக் கொடுப்பார்கள், தொகை பல நூறு கோடி என்று வரும்.

நாங்கள் தங்கியது ஜேம்ஸ் பே பகுதியில். காலையில் கதவைத் திறந்தபோது தெரு முழுக்க இளஞ்சிவப்பு. பதினொரு பாகை வெயில். இரு கரையிலும் மரங்கள் தலை தொட்டு நின்றன, ஒரு கிளையிலும் இலை இல்லை.

"இதென்ன தம்பி, எங்கட முள்முருக்கு மாதிரி. இலையைக் காணேல்லை, பூ மட்டும் நிக்குது" என்றார் அம்மா.

எனக்கு அது தோன்றவேயில்லை. எங்கள் ஊரில் வேலிக் கதியாலாக நின்ற முள்முருக்கும் மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செக்கச் செவேலென்று பூக்கும். ஆடுகளுக்கு அதன் குழை என்றால் உயிர். இந்த மரங்களுக்கும் அதற்கும் ஒரு உறவும் கிடையாது, ஆனாலும் அம்மாவின் கண் ஒரே நொடியில் இரண்டையும் சேர்த்துவிட்டது.

முதலில் பூப்பது பிளம் மரம். செரி அதற்குப் பின்னால் வரும். பிரித்தறிவது சுலபம்: செரியின் இதழ் நுனியில் சிறு வெட்டு இருக்கும், பிளம் இதழ் வழவழவென்று வட்டமாக முடியும். செரியின் பட்டையில் குறுக்குக் கோடுகள் ஓடும். பிளம் பூவுக்கு மெல்லிய இனிப்பு மணம் உண்டு. இரண்டுமே குளிரை வேண்டி நிற்கும் மரங்கள். உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும் குளிரை மொட்டு வாரக்கணக்கில் வாங்கியாக வேண்டும். அந்தக் கணக்கு நிரம்பாமல் எவ்வளவு வெயில் அடித்தாலும் அது ஒழுங்காகக் கண் திறவாது. யாழ்ப்பாணத்தில் செரி பூக்காததற்குக் காரணம் இதுதான். குளிரைப் பூவுக்குப் பகை என்றே எண்ணி வாழ்ந்த எனக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பட்சார்ட் தோட்டத்துக்கும் போனோம். சுண்ணாம்புக்கல் தோண்டி முடித்து, சீமெந்து ஆலைக்காரர் விட்டுப்போன பெரும் பள்ளத்தை ஜென்னி பட்சார்ட் என்ற பெண்மணி மண் கொண்டுவந்து கொட்டித் தோட்டமாக்கினார். ஆலையின் பழைய புகைபோக்கி இன்னும் நிற்கிறது. மிக அழகான இடம். ஆனால் என் மனம் தெருக்களிலேயே நின்றது. காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கும் பூவைவிட, பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும்போது தோளில் உதிரும் பூவே எனக்குப் பெரிதாகப் பட்டது.

அந்தச் செரி மரங்களுக்கு ஒரு கதை உண்டு. 1937இல் நகரம் தன் 75ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, அங்கே வாழ்ந்த ஜப்பானியக் கனடியர்கள் விழாவில் தங்களுக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் செரி மரங்களை வாங்கி நகரத்துக்கே கொடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1942இல், போரைக் காரணம் காட்டி அரசு அவர்களைக் கரையோரம் முழுவதிலுமிருந்து வெளியேற்றியது. ஏறக்குறைய 22,000 பேர். பெரும்பாலானோர் கனடியக் குடிமக்கள். வீடு, கடை, மீன்பிடிப் படகு எல்லாவற்றையும் அரசு எடுத்து விற்றது. அந்தப் பணத்திலிருந்தே அவர்களை அடைத்து வைத்த செலவையும் கழித்துக்கொண்டது. விக்ரோறியாவிலிருந்து அவர்களைக் கப்பலேற்றியது ஒரு வசந்த காலத்தில்.

கோர்ஜ் நீர்க்கரையோரப் பூங்காவில் இதை அம்மாவுக்குச் சொன்னேன். 1907இலிருந்து ரக்காற்றா குடும்பத்தார் ஜப்பானியத் தோட்டத்தோடு ஒரு தேநீர்ச்சாலை நடத்திய இடம் அது. 1942இல் அவர்களும் விட்டுப்போனார்கள், தோட்டம் பாழாகியது. இப்போது அங்கே மறுபடியும் ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது.

"அவையள் பிறகு திரும்பி வந்தவையே?"

1949 ஏப்ரல் வரை கரையோரத்துக்கு வரவே அனுமதி இல்லை என்றேன். வந்தாலும் வீடு வேறொருவருடையது. அரசு மன்னிப்புக் கேட்டது 1988இல்.

அம்மா நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1995 ஐப்பசியில், போரினால், யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் சனம் முழுவதும் நடந்தபோது, மழையில், தலையில் ஒரு பையோடு அவரும் நடந்தவர். அதைப் பற்றிப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. நெடுநேரம் கழித்து, "நாங்களும் கதியால் வெட்டாமல்தான் வெளிக்கிட்டனாங்கள்" என்றார்.

பக்கத்தில் ஒரு காட்டுச் செடி கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பூ விட்டிருந்தது. விரலளவு ரீங்காரச் சிட்டு ஒன்று அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்தது. நாங்கள் இருவரும் அது போகும்வரை அசையவில்லை.

ஜப்பானியக் கனடியர்கள் அன்றைக்குக் கொடுத்த செரி மரங்களில் பல இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. நகரத்துத் தெருவில் செரிக்கு ஆயுள் குறைவு. பட்டுப்போன இடங்களில் புதிய கன்றுகளைக் கண்டோம். தடி ஊன்றிக் கட்டிய, என் கைத்தடிமன்கூட இல்லாத கன்றுகள். அவற்றிலும் நான்கு பூ, ஐந்து பூ.

திரும்பும் நாள் காலையில் தூறல். கப்பலுக்கு நேரம் இருந்தது. இன்னொருக்கால் அந்தத் தெருவால் போவோம் என்று அம்மா கேட்டார். கார்க் கண்ணாடிகளில் நனைந்த இதழ்கள் ஒட்டிக் கிடந்தன. பாதி வழியில், முறுகி வளைந்த ஒரு கிழட்டு மரத்தருகே நின்றார். கையுறையைக் கழற்றினார். ஈரப் பட்டையில் உள்ளங்கையை வைத்து, ஊரில் முல்லைக் கொடியோடு பேசுகிற அதே குரலில், "வடிவாப் பூத்திருக்கிறாய்" என்றார்.