இரவு எட்டு முதல் காலை எட்டு வரை

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

ஆண்டு மலரில் காலத்தைப் பற்றி எழுதப் புகும் தோழியர் பலரும் “காலம் பொன் போன்றது” என்றே தொடங்குவர். நான் ஒரு கழித்தல் கணக்கில் தொடங்குகிறேன். ஒருவர் இரவு 8 மணிக்கு வேலைக்குச் சென்று காலை 8 மணிக்கு வெளியே வந்தால், அவர் எத்தனை மணி நேரம் உழைத்தார்? முதல் வகுப்புச் சிறுமியும் விரல்விட்டு எண்ணிப் பன்னிரண்டு என்று கூறிவிடுவாள். கணிப்பொறியோ வெளியே வந்த 8-இலிருந்து உள்ளே போன 20-ஐக் கழித்து, ‘மைனஸ் 12’ என்கிறது. அந்த மனிதர் வேலை செய்யவில்லை என்பது மட்டுமன்று. பன்னிரண்டு மணி நேரம் கம்பெனிக்குக் கடன்பட்டும் நிற்கிறார்! எக்செல் கணக்குத் தாளில் இதே விடையை மணியாகக் காட்டச் சொன்னால், அது கட்டம் முழுவதும் வேலி போன்ற குறிகளை நிரப்பிவிட்டு வாய் மூடிக்கொள்ளும்.

கணிப்பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘காலை எட்டு’ என்பது ஒரு கணத்தின் பெயரன்று. நாள்தோறும் திரும்பி வரும் ஒரு பெயர். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு 11.30-க்குக் கோயிலுக்குள் சென்று 1.30-க்கு வெளியே வருகிறோம். செல்லும்போது டிசம்பர் 24, வரும்போது டிசம்பர் 25. தேதியைச் சேர்த்து எழுதாவிட்டால் நம் இரண்டு மணி நேர வழிபாடும் கணக்கில் குழம்பிப் போகும்.

இந்தச் சிக்கலைக் கணிப்பொறிகள் பெருகுவதற்கு வெகு காலம் முன்பே சட்டம் எழுதியோர் அறிந்திருந்தனர் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 57-ஆம் பிரிவில் இதற்கு வழி சொன்னது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் உழைப்பவர்க்கு, நள்ளிரவுக்குப் பின் உழைத்த மணிகள் முந்தைய நாளிலேயே சேரும். அவருடைய ஷிப்ட் முடியும் நேரத்திலிருந்து வரும் 24 மணி நேரமே அவருக்கு ‘அடுத்த நாள்’. உலகத்தார்க்கு நள்ளிரவில் புரளும் நாள், இரவு வேலைக்காரருக்கு அவர் வீடு திரும்பும்போதுதான் புரளும். இதை எழுதியவர் தாமும் ஒரு காலத்தில் இரவில் கண் விழித்தவராக இருப்பாரோ என்று எண்ணிக்கொண்டேன்.

நம் திருப்பூரில் இது ஏட்டுக் கணக்கன்று. இங்கே கூலி பேசுவதே ஷிப்டில்தான். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட்; நான்கு மணி நேரம் அரை ஷிப்ட்; பன்னிரண்டு மணி நேரம் நின்றால் ஒன்றரை ஷிப்ட். நிட்டிங் இயந்திரங்கள் இரவு பகல் பாராமல் சுற்றுகின்றன. சனிக்கிழமை மாலை வாரக் கூலி கைக்கு வருகிறது. ஆறு இரவும் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவருக்கு மொத்தம் 72 மணி நேரம். ஆனால் எக்செல் தாளில் கூட்டிய விடையைச் சாதாரண மணி வடிவில் காட்டச் சொன்னால் அது 0:00 என்று காட்டும். கடிகார முகத்தைப் போல 24 வந்ததும் சுழியத்துக்குத் திரும்பிவிடுகிறது. 72 என்பது மூன்று முழுச் சுற்று அன்றோ! மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டால்தான் 72 என்று வாய் திறக்கும்.

இத்தகைய பெரிய பிழையில் ஓர் ஆறுதல் உண்டு, பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாமல் ஒளிந்திருக்கும் சிறு பிழையே கொடியது. எங்கள் வீட்டில் அப்படியொன்று நடந்தது. அப்பா ஒரு நிட்டிங் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கிறார். அங்கே விரல் வைக்கும் இயந்திரம் வந்த பிறகு, எட்டு மணி ஷிப்ட் போக மீதி நேரத்துக்கு மணிக்கணக்கில் கூலி என்று ஏற்பாடாயிற்று. ஒரு வாரம் ஆறு நாளும் இரவு 8.05-க்கு உள்ளே, காலை 7.45-க்கு வெளியே. மொத்தம் 11 மணி 40 நிமிடம். மிகுதி 3 மணி 40 நிமிடம். கூலிச் சீட்டிலும் நாள்தோறும் 3.40 என்றே இருந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று அம்மா சொன்னார்கள். பெருக்கி வந்த தொகைதான் எனக்கு இடித்தது. சீட்டைப் போட்ட மென்பொருள் 3.40 என்பதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு, ஒரு மணிக் கூலியை அப்படியே அதனால் பெருக்கியிருந்தது. 40 நிமிடம் என்பது 60-இல் 40, அதாவது 0.67 மணி. அதை 0.40 என்று கொண்டால் 24 நிமிடம்தான் ஆகிறது. நாளொன்றுக்கு 16 நிமிடம் போயிற்று.

“பதினாறு நிமிசத்துக்குப் போயி என்னன்னு கேக்கறது, கண்ணு?” என்றார் அப்பா.

நான் அதே சீட்டின் பின்புறத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். வாரத்துக்கு 96 நிமிடம். 50 வாரத்துக்கு 4,800 நிமிடம், அதாவது 80 மணி நேரம். பத்து ஷிப்ட்! அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பத்து ராத்திரி” என்று மட்டும் சொன்னார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கம்பெனிக் கணக்கர் யாரையும் ஏமாற்றும் எண்ணமுடையவர் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மிஷின் தருவதைத்தான் தாம் போடுவதாக அவர் கூறினாராம். தாளில் ஒரு முறை தாமே போட்டுப் பார்த்ததும் மென்பொருள்காரரை வரவழைத்தார். அடுத்த வாரச் சீட்டில் 3.67 என்று வந்தது. போன வாரங்களுக்கு ஒன்றும் வரவில்லை, அப்பா கேட்கவுமில்லை. எனக்கு அது இன்னமும் மனத்தாங்கல்தான்.

மணியைக் கழிப்பது வேறு, நாளை எண்ணுவது வேறு என்பதையும் அதன் பிறகே கவனித்தேன். வெள்ளி முதல் ஞாயிறு வரை விடுப்பு எடுத்தால் மூன்று நாள். தேதிகளைக் கழித்தாலோ இரண்டுதான் வரும். பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் ஞாயிறு விடியல் வரை நாற்பது மணி நேரம்கூட நிறைவாக இராது. ஆயினும் ஆண்டவர் மூன்றாம் நாள் உயிர்த்தார் என்கிறோம். தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் சேர்த்து எண்ணுவது யூதர் வழக்கம். எந்த வழக்கப்படி எண்ண வேண்டும் என்பதை மனிதர்தாம் கணிப்பொறிக்குச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் தேதியையும் மணியையும் சேர்த்துத் தெளிவாக எழுதிவிட்டால் போதாதா? போதாது என்பதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே ஓர் அழகிய சான்று உண்டு. அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் 1582-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி இரவு இறைவனடி சேர்ந்தார். அவர் பிறந்த ஸ்பெயின் நாட்டில் மறுநாள் அக்டோபர் 15. பாப்பரசர் 13-ஆம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்திப் பத்து நாட்களை நீக்கியது சரியாக அந்த இரவில்தான். சேசு சபைக் குருவாகிய கிளாவியுஸ் என்னும் கணித அறிஞர் அத்திருத்தத்தில் பெரும் பங்கு கொண்டவர். 15-இலிருந்து 4-ஐக் கழித்தால் 11 நாள். உண்மையில் கழிந்ததோ ஒரே இரவு! புனிதையின் திருநாளை இன்றும் அக்டோபர் 15-இல் கொண்டாடுகிறோம்.

நாட்காட்டி மட்டுமா, கடிகாரமும் இடம் மாறும். போர்க் காலத்தில் 1942 முதல் 1945 வரை நம் நாட்டுக் கடிகாரங்களே ஒரு மணி நேரம் முன்னோக்கி ஓடின. இலங்கையில் 1996-ஆம் ஆண்டில் இரு முறை நேரத்தை மாற்றினார்கள். 2006 ஏப்ரலில் ஓர் இரவு கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி, மீண்டும் இந்திய நேரத்தோடு இணைந்தார்கள். அவ்விரவு ஒரு மருத்துவமனைத் தாதி 8 மணி முதல் 6 மணி வரை பணி செய்திருந்தால், பதிவேட்டில் 10 மணி நேரம். அவருடைய கால்கள் அறிந்ததோ பத்தரை.

ஆகவேதான் கணிப்பொறி வல்லுநர் கடிகாரத்தையும் நாட்காட்டியையும் நம்பாமல் வேறொரு வழி கண்டனர். யூனிக்ஸ் முறையில், 1970 ஜனவரி 1-ஆம் தேதி கிரீன்விச் நள்ளிரவை, அதாவது நமக்குக் காலை 5.30 மணியை, சுழியம் எனக் கொண்டு விநாடிகளை எண்ணிக்கொண்டே போவார்கள். நள்ளிரவில் அந்த எண் திரும்புவதில்லை. எந்த நாடு கடிகாரத்தைத் திருப்பினாலும் அது அசைவதில்லை. உள்ளே போனபோது இருந்த எண்ணை வெளியே வந்தபோது இருந்த எண்ணிலிருந்து கழித்தால் 43,200. அதை 3,600-ஆல் வகுத்தால் 12. அவ்வளவுதான். மணி, தேதி எல்லாம் நாம் படிப்பதற்காகக் கடைசியில் எழுதிக்காட்டுவது.

இதற்கும் ஒரு கண்டம் காத்திருக்கிறது. பழைய இயந்திரங்கள் இந்த எண்ணுக்கு 32 பிட் இடமே ஒதுக்கின. அதில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் எண்ண முடியும். புதியவற்றில் 64 பிட் இருப்பதால் கவலையில்லை. பழையவற்றில் அந்த எண் நிறையும் கணம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடியில் அவை 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். அப்போது எனக்கு இருபத்தேழோ இருபத்தெட்டோ ஆகியிருக்கும். பொங்கலுக்கு ஊர் போனவர்கள் திருப்பூருக்குத் திரும்பியிருப்பார்கள். நைட் ஷிப்ட்காரர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் வரிசையில் நிற்பார்கள். 18-ஆம் தேதி இரவு 8 மணிக்கு உள்ளே போன ஒருவர் 8.45-க்கு விரல் வைத்தால், திருத்தப்படாத இயந்திரம், அவர் வேலைக்கு வருவதற்கு 136 ஆண்டு முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டார் என்று எழுதும்.