ஆழாக்கு அரிசி

எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் ஒரு பித்தளை ஆழாக்கு கிடக்கிறது. அம்மாவுடையது. விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள் அதைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்பது அம்மாவின் வழக்கம். அவருக்குப் பிறகு என் வழக்கம். மறுநாளிலிருந்து ஞாயிறு நீக்கி 40 நாளும் ராத்திரி உலை வைப்பதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, சாப்பாட்டை விடுகிற ஆளுக்கு ஓர் ஆழாக்கு வீதம் அளந்து தனியாக ஒரு தூக்குவாளியில் போடுவோம். எட்டு ஆழாக்கு ஒரு படி. தவக்காலம் முடியும்போது ஓர் ஆளின் கணக்கில் ஐந்து படி அரிசி சேர்ந்திருக்கும்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் இதை ஒருசந்தி என்போம். இப்போது கோவிலில் உண்ணாநோன்பு என்று வாசிக்கிறார்கள்; எனக்கு நாக்கில் பழைய சொல்தான் நிற்கிறது. சட்டப்படி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாயம், அதுவும் 18 வயதிலிருந்து 59 வரைக்கும்தான். 1966-ல் பாப்பரசர் ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைத் தளர்த்தினார். தளர்த்திய இடத்தைச் செபத்தாலும் இரக்கச் செயல்களாலும் நிரப்பச் சொன்னார். முதல் பாதியை நாம் உடனே கேட்டுக்கொண்டோம். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது, கட்டாயம் இல்லை. ஆனாலும் இருக்கிறேன், இதை இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதால்.

இதில் பழக வேண்டிய நுணுக்கங்கள் உண்டு. அரிசியை உலை வைக்கிற வேளைக்கு முன்னாலேயே அளக்க வேண்டும். சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பது வேறு, இது வேறு. நாம் தின்கிற அரிசி எதுவோ அதையேதான் அளக்க வேண்டும். வீட்டுக்குப் பொன்னி, தூக்குவாளிக்கு ரேஷன் அரிசி என்று ஒரு வருஷம் நானே செய்திருக்கிறேன். சோற்றை விட்டுவிட்டு நாலு தோசை சாப்பிட்டால் ஒருசந்தி ஆகாது. சுத்தபோசனம் என்று கறியைத் தள்ளிவிட்டு வஞ்சிரம் வறுப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. விட்டதைவிட வாங்கியது விலை கூடினால் எதை எடுத்து ஏழைக்குக் கொடுப்பது? இன்னொன்று கோபம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தலை இலேசாகக் கனக்கும், குரல் தானாக உயரும். அப்போது மருமகளிடம் ஒரு சொல் கடுமையாகச் சொல்லிவிட்டால், என் பசியைத் தூக்கி அந்தப் பெண் தலையில் வைத்தேன் என்றுதான் அர்த்தம். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் நீர்மோரைக் குடித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நிற்பேன்.

இவ்வளவையும் கைப்பழக்கமாக்கிய பிறகும் ஒரு பெரிய பிழை என்னிடம் இருந்தது. அதை எனக்குக் காட்டியவர் எங்கள் வயலில் களை பறித்தவர்.

எங்களுக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆறு மா நிலம். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயிர் வைத்த காலம் அது. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பூசையில் எசாயா 58-ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். நாங்கள் நோன்பிருந்தும் ஆண்டவர் கண்டுகொள்ளவில்லையே என்று மக்கள் முறையிடுவார்கள். நோன்பு நாளிலேயே உங்கள் வேலையாட்களைக் கசக்குகிறீர்களே என்று இறைவாக்கினர் திருப்பிக் கேட்பார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலமே, அதுவரை சேர்ந்த அரிசியைத் தூக்குவாளியோடு எடுத்துக்கொண்டு அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். கணவர் இல்லாதவர், இரண்டு பிள்ளைகள். கொடுக்கத் தகுந்த இடம் என்று மனதில் ஒரு நிறைவு.

வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். தூக்குவாளியைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

“அரிசிய அப்படி வைங்க டீச்சரம்மா. கார்த்திகையில களை பறிச்ச ஆறு நாள் கூலி நிக்குது. அதக் குடுத்தீங்கன்னா அரிசிய நானே வாங்கிக்குவேன்.”

குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு முறத்தில் புடைக்க ஆரம்பித்தார். நெல் விற்ற பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்று ஏதோ சொன்னேன். அது உண்மைதான். ஆனால் வேளாங்கண்ணிக்குப் போய்வர எடுத்து வைத்த பணம் பீரோவில் இருந்தது, அதுவும் உண்மை. நான் தானமாகக் கொண்டுபோன அரிசி அவருடைய கூலியில் ஒரு பகுதிதான். அவருடையதை அவருக்கே பிச்சைபோல நீட்டியிருக்கிறேன். திரும்பி வந்து பணத்தை எடுத்துப்போய்க் கொடுக்கும்போது கை நடுங்கியது பசியால் அல்ல.

இந்த நெல் பூமியில் தவக்காலம் வருகிற நேரத்தைக் கவனிக்க வேண்டும். தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுத்து முடிந்திருக்கும். நிலம் உள்ளவன் வீட்டில் நெல் இருக்கும், அல்லது நெல் விற்ற பணம் வரவிருக்கும். முன்பு அறுப்பிலும் தூற்றலிலும் கூலியாட்களுக்கு நெல் கிடைத்தது; இப்போது அறுப்பு முழுக்க மிஷின். பம்புசெட் இல்லாத ஊர்களில், வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை அவர்களுக்கு வயலில் வேலையே இல்லை. நான் நோன்பைத் தொடங்குகிற வாரத்தில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு ஒரு வேளையாகக் குறைகிறது. கார்த்திகைக் கூலி மாசியில் என்ன எடை பெறும் என்பது அந்த வாசலில் நிற்கும்வரை எனக்குத் தெரியவில்லை.

தஞ்சாவூர் போனால் சிவகங்கைக் குளத்துப் பக்கம் சுவார்ட்சு ஐயர் கோவிலுக்குப் போவேன். 1779-ல் கட்டியது. லுத்தரன் குருவானவர் அவர், நாங்கள் வேறு சபை. ஆனாலும் ஒரு காரியத்தில் அவரை என் ஆசிரியராக வைத்திருக்கிறேன். ஐதர் அலி படையெடுப்பின்போது தஞ்சைக் கோட்டைக்குள் சனங்கள் பசியால் தெருவில் விழுந்து செத்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஏற்றிவர மாடும் இருந்தது. வரவில்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்குப் பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரசாங்கத்தின் பேச்சை யாரும் நம்பத் தயாராயில்லை. சுவார்ட்சு தன் வாக்கைப் பிணையாக வைத்தார், நான் தருகிறேன் என்றார். சீக்கிரமே ஏறக்குறைய 1,000 மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. வேலை முடிந்ததும், பிறர் பணத்தையும் போட்டு, அத்தனை பேருக்கும் கொடுத்து, கூடவே சிறு அன்பளிப்பும் தந்து வீட்டுக்கு அனுப்பினார். அவருடைய மரணப் படுக்கையைக் காட்டும் பளிங்குச் சிற்பத்தைச் சரபோஜி மன்னர் அங்கே வைத்திருக்கிறார். அதன் முன்னால் நிற்கும்போது எனக்கு நினைவு வருவது அந்தக் கடைசிக் கணக்குத் தீர்ப்புத்தான். கோட்டைக்குள் இருந்த பஞ்சத்தின் வேர் வறட்சியில் இல்லை, கொடுக்காத கூலியில் இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து தூங்கிவிட்டோம். அதே இரவில், இதே பழைய தஞ்சை மாவட்டத்தில், கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்களை வைத்து எரித்தார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தப் பகுதி விவசாயக் கூலிகள் கேட்டுப் போராடியது கூலியில் கூடுதலாக அரைப்படி நெல். நாலு ஆழாக்கு. தவக்காலத்தில் நாலாவது நாள் தூக்குவாளியில் நாலாவது ஆழாக்கைப் போடும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கும். அரைப்படி என்பது இவ்வளவுதான்.

இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட எர்மாவின் ‘மேய்ப்பர்’ நூலில் நோன்புக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறது. அன்று அப்பமும் தண்ணீரும் மட்டும். சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, அதை ஒரு கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிட வேண்டும். இதை வாசித்தபோது என் அம்மாவின் ஆழாக்கு எவ்வளவு பழசு என்று மலைத்தேன். எர்மாவைப் படித்தவர் இல்லை அம்மா, கைநாட்டுத்தான். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது: விட்ட சோறு என்னுடையது அல்ல, வேறொருவர் பெயரில் பானையில் இருக்கிறது.

அந்த அக்காவின் வாசலுக்குப் பிறகு என் வரிசை மாறிவிட்டது. இப்போது ஆழாக்கைத் தேய்ப்பதற்கு முன்னால் கூலி நோட்டை எடுக்கிறேன். நாற்று, நடவு, களை, வரப்பு வெட்டு என்று யார் யாருக்கு எத்தனை நாள், எது கொடுத்தது, எது நிற்கிறது என்று பார்த்து, நிற்பதை அன்றைக்கே வீடு தேடிப் போய்க் கொடுத்துவிடுவேன். வரச் சொல்வதில்லை. அதற்குப் பிறகுதான் புளி, ஆழாக்கு, வெயில்.

போன வருஷம் ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. மார்கழியில் வரப்பு வெட்டிய தம்பி, ஒன்றரை நாள் கூலி. வீட்டில் பூட்டுத் தொங்கியது. குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார்கள், பனியன் கம்பெனியில் வேலை என்றார்கள். அவர் மச்சான் எங்கே இருக்கிறார் என்று கேட்டுக் கொள்ளிடக்கரை வரை போய், போன் நம்பர் வாங்கிவந்தேன். ராத்திரி எட்டரை மணிக்கு எடுத்தார். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம்.

“அந்தக் காசா டீச்சர்? நானே மறந்துட்டேனே.”

“நோட்டுல இருக்குப்பா. நம்பருக்கு அனுப்பிட்டேன், வந்துச்சான்னு பாத்துச் சொல்லு.”

கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வந்துவிட்டது என்றார். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பானையிலிருந்து ஆழாக்கை வெளியே எடுத்தேன்.