அன்று ஒன்று, இன்று ஒன்று

நெடுநாள் மனத்தில் கிடந்த ஒன்றை இன்று எழுதத் துணிந்தேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

2018 ஏப்ரல் மாதம். நாடெங்கும் 14ஆவது பொதுத்தேர்தல் பரபரப்பு. ஆறாம் ஆண்டு நன்னெறிக்கல்வி வகுப்பில் ‘நேர்மை’ என்னும் பண்பை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, முன்பு சிறையில் போட்டவர்களோடு மகாதீர் இப்பொழுது சேர்ந்து நிற்கிறாராமே. அப்படியென்றால் அவர் அன்று பொய் சொன்னாரா, இன்று பொய் சொல்கிறாரா?”

நான் அரசு ஊழியன். தேர்தல் நாளில் வாக்களிப்பு மையத்தில் பணியாற்றவும் பெயர் கொடுத்திருந்தேன். “வகுப்பில் அரசியல் வேண்டாம் தம்பி, உட்கார்” என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவன் உட்கார்ந்தான். கேள்வி மட்டும் உட்காரவில்லை.

அவன் கேட்டதில் பிழையேதும் இல்லை. அந்தப் பரப்புரையில் எதிரணியினர் மேடைதோறும் எழுப்பிய குற்றச்சாட்டே அது. 1981 முதல் 2003 வரை பிரதமராக இருந்தவர் மகாதீர். 1987 லாலாங் நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் தடுத்து வைக்கப்பட்டனர்; லிம் கிட் சியாங் அவர்களுள் ஒருவர். 1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் பதவி நீக்கப்பட்டு, மறு ஆண்டே சிறை சென்றார். அதே அன்வாரை 2016 செப்டம்பரில் கோலாலம்பூர் நீதிமன்ற வளாகத்தில் சந்தித்துக் கைகுலுக்கினார் மகாதீர். 2018 ஜனவரியில் நம்பிக்கைக் கூட்டணியின் பிரதமர் வேட்பாளராகவும் அறிவிக்கப்பட்டார். தாம் தலைமை தாங்கி வளர்த்த அம்னோவையே வீழ்த்தக் களம் இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 92.

குற்றம் சாட்டியவர்களின் நிலையும் வேடிக்கையானதுதான். இருபத்திரண்டு ஆண்டுகள் அவரை வானளாவப் புகழ்ந்த வாய்களே அவருடைய பழைய தவறுகளைப் பட்டியலிட்டன. அத்தவறுகள் நிகழ்ந்தபோது அவர்கள் எங்கிருந்தார்கள் என்று எந்த மாணவனும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாய் திறந்திருக்கப் போவதில்லை.

மாறியதற்குக் காரணம் 1எம்டிபி விவகாரமும் நஜிப்பின் ஆட்சியும் என்று மகாதீர் சொன்னார். அதை நான் ஏற்கிறேன். ஒருவர் மனம் மாறுவது குற்றமன்று. ஆனால் 1987க்கும் 1998க்கும் என்ன விடை? 2017 டிசம்பர் இறுதியில் தம் கட்சியின் பொதுக்கூட்டத்தில் கடந்தகாலத் தவறுகளுக்காக மன்னிப்புக் கேட்டார். எந்தத் தவறு என்று சொல்லவில்லை. சில நாள்களில், மன்னிப்புக் கேட்பது மலாய்ப் பண்பாடு என்று விளக்கமும் வந்தது. எனக்கு உறுத்தியது அதுதான். மே 9ஆம் நாள் மக்கள் வாக்களித்து அவர் அணியை ஆட்சியில் அமர்த்தினார்கள். எல்லாம் தெரிந்தே வாக்களித்தார்கள் என்றே நினைக்கிறேன்.

மகாதீரை இவ்வளவு துல்லியமாக எடைபோடும் எனக்கு, என் கணக்கைச் சொல்லாமல் இப்பதிவை முடிக்க மனம் வரவில்லை.

2003ஆம் ஆண்டு முதல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்ற கொள்கை அவர் ஆட்சியில்தான் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், தாய்மொழியில் கற்றால்தான் அறிவியல் மனத்தில் நிற்கும் என்று முழங்கியவன் நான். கைத்தட்டல் கிடைத்தது. பிறகு சுற்றறிக்கை வந்தது; பயிற்சிக்கு அனுப்பினார்கள்; மடிக்கணினியும் ஒளிப்படக் கருவியும் பள்ளிக்கு வந்தன. மறு ஆண்டுக் கூட்டத்தில் அதே பெற்றோர்முன் நின்று, உலகத்தோடு போட்டியிட ஆங்கிலமே வழி என்று பேசினேன். அதற்கும் கைத்தட்டினார்கள்.

2009 ஜூலையில் அக்கொள்கை கைவிடப்படும் என்று அரசு அறிவித்தது. ஆண்டிறுதிக் கூட்டத்தில் மூன்றாம் முறையாக எழுந்து தாய்மொழிக்கல்வியின் மேன்மையைப் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு தாயார் எழுந்தார். இரப்பர்த் தோட்டத்திலிருந்து பிள்ளைகளை மிதிவண்டியில் கொண்டுவந்து விடுபவர். கூட்டங்களில் வாய் திறந்ததே இல்லை.

“மூத்தவனுக்கு ஆங்கிலத்தில் படிப்பதே நல்லது என்று நீங்கள்தாம் சொன்னீர்கள், ஐயா. இளையவள் பாலர் பள்ளியில் இருக்கிறாள். அவளுக்குத் தமிழில் படிப்பதே நல்லது என்கிறீர்கள். எந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொன்னீர்கள்?”

அவருடைய மூத்த மகன் 2003இல் முதலாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தவன். அறிவியலில் கடைசிவரை தடுமாறினான். நான் ஏதோ ‘காலத்திற்கேற்ற மாற்றம்’ என்று சொல்லிச் சமாளித்தேன். தலைமையாசிரியர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

உண்மை இதுதான்: 2003இல் என் கருத்து மாறவேயில்லை, பேச்சு மட்டும் மாறியது. “இது மேலிடத்து உத்தரவு, எனக்கு உடன்பாடில்லை, ஆயினும் இயன்றவரை கற்பிப்பேன்” என்று சொல்லியிருக்கலாம். இடமாற்றத்திற்கு அஞ்சினேன். அஞ்சியதைக் கொள்கையாக்கிப் பெற்றோரிடம் விற்றேன்.

ஒன்று வியப்பாக இருக்கிறது. 2020 ஜனவரியில் இடைக்காலக் கல்வியமைச்சராகவும் இருந்த மகாதீர், அறிவியலையும் கணிதத்தையும் மீண்டும் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்றார். அடுத்த மாதமே அவர் பதவி விலகியதால் அது நடக்கவில்லை. எத்தனையோ திசைகளில் திரும்பியவர் என்று பெயரெடுத்த அவர் இந்த ஒன்றில் இம்மியும் மாறவில்லை. நானோ அதில் இருமுறை மாறியவன்.

அண்மையில் இரவுச்சந்தையில் அந்தத் தாயாரைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. காய்கறிக் கடையோரம் நிறுத்தி, அன்று நான் மனமறிந்து மாற்றிப் பேசியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த பயற்றங்காய்க் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்பொழுதே சொல்லியிருக்கலாம், ஐயா. மூத்தவனை மாலை வகுப்புக்காவது அனுப்பியிருப்போம்” என்றார்.