சுங்கை நிப்பாவில் மாமாவோடு ஒரு நாள்

2018 மே மாதம். கேரளாவின் கோழிக்கோட்டில் 'நிபா' கிருமி பரவுகிறது என்று வானொலியில் காலைச் செய்தி வாசித்தேன். ஒலிபரப்புக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்குள் கைப்பேசியில் மாமா.

"பாப்பா, நிபா இல்ல, நிப்பா. நான் வேல செஞ்ச கம்பம் அது. பேரயாவது ஒழுங்கா சொல்லு."

அம்மாவின் தம்பி அவர். பன்றிப் பண்ணையில் வேலை செய்தார், காய்ச்சல் வந்தது, பிழைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்தக் கதை இந்த மூன்று துண்டுகளோடு முடிந்துவிடும். மேலே கேட்டால் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். "ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க மாமா" என்று அன்றைக்குக் கேட்டேன். ஆறேழு ஆண்டுகள் தள்ளிப்போட்டுவிட்டு, போன மாதம் அவரே, "ஞாயித்துக்கிழமை லீவா?" என்றார்.

சிரம்பானிலிருந்து என் மைவியில் கிளம்பினோம். போர்ட்டிக்சன் நெடுஞ்சாலை, லுக்குட், பிறகு சிப்பாங் பக்கம் போகும் சாலை. லுக்குட்டில் கோப்பி ஓ குடித்தபோது மாமா எதுவும் பேசவில்லை. இடது கை மட்டும் மேசைமேல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. 1999-லிருந்து அப்படித்தான்.

புக்கிட் பெலண்டோக் வட்டாரத்துக்குள் நுழைந்தால் இரு பக்கமும் செம்பனை. இடையிடையே டிராகன் பழத் தோட்டம், மூடிக்கிடக்கும் பலகை வீடுகள், சீனக்கோயில். தலைக்கு மேல் விமானம் தாழ்ந்து போகிறது. இங்கே ஒரு காலத்தில் தென்கிழக்காசியாவின் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளில் ஒன்று இருந்தது என்று யாராவது சொன்னால்தான் உண்டு.

"நாத்தம் இல்லையே" என்றார் மாமா. அதுதான் அன்று அந்த ஊரைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை.

தம் பண்ணை இருந்த இடத்தை அவரால் சட்டென்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கால்வாயையும் மதகையும் வைத்துத்தான் அடையாளம் சொன்னார். செம்பனைக்கு நடுவே புல் மூடிய சிமெண்டுத் தளம். அதன்மேல் ஏறி நின்று, "இங்க தாய்ப்பன்னி, அங்க குட்டிங்க, அந்தக் கடைசியில கடா" என்று கை காட்டினார்.

1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிகளுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் நோய் என்று பேச்சு வந்தது. அங்கே பயந்துபோனவர்கள் பன்றிகளை மலிவு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். லோரிகள் தெற்கே வந்தன. டிசம்பரில் சிரம்பானுக்குப் பக்கத்திலுள்ள சிக்காமாட், அதன் பிறகு புக்கிட் பெலண்டோக்.

"மொதல்ல இருமல். நம்ம இருமல் மாதிரி இல்ல, நாய் கொரைக்கிற மாதிரி. ராத்திரி கொட்டாய் முழுக்கக் கொரைக்கும். கடா ஒண்ணு காலையில நல்லாத் தின்னுச்சு, மத்தியானம் செத்துக் கெடந்துச்சு. செனப்பன்னி சிலது குட்டிய வீசிருச்சு."

மாமா போகிற போக்கில் சொன்ன இந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. அப்போது சுகாதாரத் துறை சந்தேகித்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சலை. அது கொசு பரப்பும் நோய். பன்றியின் உடலில் கிருமி பெருகும், கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும். அந்த நோய் பன்றியின் இனப்பெருக்கத்தைத்தான் கெடுக்கும். சினைப்பன்றி கரு கலையும், செத்த குட்டிகள் பிறக்கும், கடாவுக்கு விந்து கெடும். மற்றபடி வளர்ந்த பன்றி நோய்வாய்ப்பட்டதாகவே தெரியாது. ஆக, சினைப்பன்றி குட்டியை வீசியதை மட்டும் பார்த்தவருக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்பது பொருந்தத்தான் செய்யும். இருமிய பன்றிகளையும், கால் இழுத்து நடந்தவற்றையும், மத்தியானத்தில் செத்த கடாவையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு இடிக்கிறது.

மனிதர்களிடமும் கணக்கு இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிக்கும். இங்கே விழுந்ததோ பண்ணையில் வேலை செய்த ஆண்கள். அடுத்த கம்பத்தில் பன்றியைத் தொடாத மலாய்க்காரர்கள் நன்றாக இருந்தார்கள். கொசு மதம் பார்த்தா கடிக்கும்? தடுப்பூசி போட்டவர்களுக்கும் காய்ச்சல் வந்தது. மாமா இரண்டு ஊசி போட்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சிரம்பானில் எங்கள் தாமானில் கொசுப்புகை அடித்தது நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைப் புகைக்குள் ஓடிப் பிடித்து விளையாடினோம். அதே வாரங்களில் மாமா கையுறைகூட இல்லாமல் பன்றிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரே ஊசியில எத்தன பன்னிக்குப் போடுவீங்க?"

"முழு வரிசைக்கும்."

பண்ணைக்குள் நோய் ஓடிய வழிகளில் இந்த ஊசியையும், பண்ணைக்குப் பண்ணை மாற்றிக்கொண்ட கடா விந்தையும் ஆய்வாளர்கள் பின்னர் சந்தேகப் பட்டியலில் வைத்தார்கள். ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் பரவ லோரியே போதும். கொட்டகையின் எல்லாப் பன்றிக்கும் தொற்றும். ஆனால் வளரும் பன்றிகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சாகாது. அதனால்தான் விற்றார்கள், வாங்கினார்கள்.

1999 மார்ச் தொடக்கத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து கிருமியை வளர்த்தார். வளர்ப்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருகுவதைக் கண்டவர், இது வேறு என்று சந்தேகித்து, மாதிரியைத் தாமே அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார். அங்கே சோதித்தபோது, ஆஸ்திரேலியாவில் 1994-ல் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ராவின் உறவுக்காரக் கிருமி என்று தெரிந்தது. பன்றிகளின் பக்கத்தை ஈப்போவிலுள்ள கால்நடை ஆய்வு நிலையமும் ஆஸ்திரேலியாவின் ஜீலோங் ஆய்வுக்கூடமும் பார்த்தன.

அதே மார்ச்சில் சிங்கப்பூர் அறுப்புக் கூடத்தில் 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார். நம் நாட்டில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். அதே மாதம்தான், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சிப்பாங் கார்ப்பந்தயத் தடம் திறக்கப்பட்டது.

மாமாவுக்கு மார்ச் நடுவில் காய்ச்சல். தலைவலி, தூக்கம், கை கால் துடிப்பு. பன்னிரண்டு நாள் நினைவில்லை. கண் விழித்தபோது அறையில் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அது அவருடைய தவுக்கேயின் கட்டில்.

"அவரு என்னவிட நல்லாத்தான் இருந்தாரு பாப்பா. மொத நாள் ரெண்டு பேரும் பேசினோம். நாய்க்குச் சோறு வச்சியான்னு கேட்டாரு."

நாய்க்குச் சோறு தேவைப்படவில்லை. பண்ணை நாய் மாமா மருத்துவமனைக்குப் போகும் முன்பே, கண்ணில் பீளையும் மூச்சிரைப்புமாக இரண்டே நாளில் செத்திருந்தது. மாமா அதைத் தவுக்கேயிடம் சொல்லவில்லை. "வச்சேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வட்டாரத்து நாய்களுக்கும் பூனைகளுக்கும் இந்தக் கிருமி தொற்றியது பிறகுதான் தெரிந்தது. பார்க்க நாய்களுக்கு வழக்கமாக வரும் டிஸ்டெம்பர் போலவே இருக்குமாம்.

இராணுவத்தினர் வந்து பன்றிகளைச் சுட்டுக் குழியில் புதைத்தார்கள். ஒன்பது லட்சத்துக்கும் மேல். அது மாமா கண்ணால் காணாத பகுதி. ஏப்ரல் முதல் ஜூலை வரை 889 பண்ணைகளில் தாய்ப்பன்றிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, மேலும் 50 பண்ணைகளில் தடயம் கிடைத்தது. அவற்றையும் அழித்தார்கள். தாய்ப்பன்றியைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்த விவரம். குட்டிகள் ஆறு மாதத்தில் விற்பனைக்குப் போய்விடும். ஆண்டுக்கணக்கில் பண்ணையிலேயே கிடந்து, அங்கே வந்துபோன நோயையெல்லாம் இரத்தத்தில் வைத்திருப்பது அதுதான்.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதிலைத் தியோமான் தீவில் பிடித்தார்கள். பழந்தின்னி வௌவால்கள் தங்கிய மரத்தடியில் விரிப்பு போட்டு, விழுந்த சிறுநீரிலிருந்து கிருமியைப் பிரித்தார்கள். கடித்துப் போட்ட பழத்திலும் அது இருந்தது. ஈப்போவில் தொடங்கிய பண்ணையில் கொட்டகையை ஒட்டி மாமரங்கள். வௌவால் கடித்த மாங்காய் விழுந்தது, பன்றி தின்றது.

கம்பத்துக்குள் போனோம். அந்த நாள்களின் நினைவாக ஊரார் வைத்திருக்கும் சிறு காட்சியகம் பூட்டியிருந்தது. எதிர்ப்பக்கக் கடையில் ஒரு சீனப்பாட்டி கொய்யா விற்றார். மாமா மலாயில் பேச்சுக் கொடுத்தார், எந்தப் பண்ணை என்று சொன்னார். பாட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் வீட்டுக்காரரும் அந்த மார்ச்சில்தான் போனார் என்றார். பிறகு, யாரிடமோ பாதியில் விட்ட சண்டையைத் தொடர்வதுபோல, "நோய்க்கு ஏன் எங்க ஊர் பேரு? ஈப்போவிலதானே ஆரம்பிச்சது?" என்றார்.

நியாயமான கேள்வி. நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நிப்பா என்பது ஆற்றோரம் வளரும், அத்தாப்புக் கூரை வேய்கிற பனையின் பெயர். இனி யாருக்கு அந்தப் பனை நினைவுக்கு வரும்? செய்தியில் அந்தப் பெயரை நானே எத்தனை முறை வாசித்திருக்கிறேன்.

பாட்டி கொய்யாவுக்குக் காசு வாங்கவில்லை. மாமா பையைப் பிரித்து, ஒவ்வொரு பழத்தையும் சுற்றித் திருப்பிப் பார்த்தார், பல் பட்ட தடம் இருக்கிறதா என்று. பாட்டி சிரித்துவிட்டு, தாமும் அப்படித்தான் பார்ப்பதாகச் சொன்னார்.

குணமானவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூளையழற்சி திரும்பியிருக்கிறது. 11 ஆண்டுகள் கழித்து வந்ததும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மாமாவுக்கு இதுவரை இல்லை. ஆனால் அவருக்கு ஒரு தலைவலி என்றால் அம்மா இரவெல்லாம் விழித்திருப்பார். எங்கள் வீட்டில் அந்தக் கதை மூன்று துண்டுகளுக்கு மேல் நீளாததன் காரணம் எனக்கு அந்தக் கடை வாசலில்தான் புரிந்தது. கதை முடிந்துவிட்டது என்று அம்மா நம்பவில்லை.

திரும்பும் வழியில் மாமா தூங்கிப்போனார். லுக்குட் சமிக்ஞை விளக்கில் வண்டி நின்றபோது, கை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

"காய்ச்சல் இல்ல பாப்பா" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே. "பச்ச விழுந்துருச்சு, போ."