அளவுப் புத்தகமும் மனச்சான்றும்

நகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே எழும் பூசலில் பங்குக் குருவுக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். சிமெண்டும் கம்பியும் குருமடத்தில் எமக்குப் பாடமாக வைக்கப்படவில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தப் பூசலால் சனிக்கிழமை மாலை வெறுங்கையோடு வீடு திரும்பும் சித்தாள், ஞாயிறு காலை எமது கோவிலில்தான் முழந்தாளிடுகிறாள். அவளுக்குக் கூலி தரவேண்டிய ஒப்பந்தக்காரரும் அதே பலிபீடத்தின் முன்தான் நிற்கிறார். ஆகவே இது எமது காரியமும் ஆகிவிடுகிறது.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் கரிசல் பூமி மிகுதி. கோடையில் பாளம் பாளமாய் வெடிப்பதும், ஐப்பசி மழையில் ஊறிப் பொங்குவதும் அம்மண்ணின் இயல்பு. மதிப்பீட்டில் ஓர் ஆழத்தைக் குறித்திருப்பார்கள். தோண்டும்போது பக்கங்கள் சரியும். கூடுதலாக வெட்டி, நல்ல மண் கொட்டிக் கெட்டித்து, அடிக் கான்கிரீட்டையும் தடிப்பாக்க நேரிடும். பழைய தெருக்களிலோ, எந்த வரைபடத்திலும் காணப்படாத குடிநீர்க் குழாய் குறுக்கே வந்து நிற்கும். மின்கம்பத்தை அகற்றித் தருவது ஒரு துறை, ஆக்கிரமிப்பை அகற்றித் தருவது மற்றொரு துறை. இதற்கிடையில் ஒப்பந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

இவற்றோடு குறைந்த தொகையின் கவர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. 1998 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், தகுதியுள்ளோருள் குறைந்த தொகை கேட்பவருக்கு வேலை சேர வழிவகுக்கிறது. நோக்கம் நல்லதே; பொதுப்பணம் வீணாகலாகாது. ஆனால் வேலையைப் பிடித்துவிடவேண்டும் என்ற அவசரத்தில், அடக்கவிலைக்கும் கீழே எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வழி தேடுவோர் உண்டு. கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம் ஆண்டவர் உரைத்தது சீடர்களுக்கு மட்டுமன்று, ஒப்பந்தக்காரருக்கும் பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பங்கின் எல்லைக்குள் ஒரு தெருவில் கழிவுநீர்க் கால்வாய் வேலை பாதியில் நின்றது. கரிசல் ஆழமாக இருந்ததால் கூடுதல் வேலை செய்ததாக ஒப்பந்தக்காரர் கூறினார். செய்யச் சொல்லி எழுத்தில் உத்தரவு இல்லை என்று நகராட்சி அலுவலகம் கூறியது. பில் நின்றது, பில் நின்றதால் கூலியும் நின்றது. தெருவில் வெட்டிய குழி வாய் பிளந்து கிடந்தது. முதியோர் பலகையின்மேல் நடந்து வீட்டுக்குள் சென்றனர். தீபாவளிக்குப் பின் பட்டாசு ஆலைகள் அடைத்திருக்கும் வாரங்கள் அவை. ஆலை வேலை இல்லாத நாட்களில் வயிற்றுப் பாட்டுக்காகச் சித்தாள் வேலைக்கு வந்த பெண்கள் பலர் அதில் இருந்தனர். மூன்று வாரக் கூலி பாக்கி. அவர்களில் ஒருத்தி எம்மிடம் வந்து, “சாமி, மண்ணு கறுப்பா செவப்பான்னு எங்களுக்கு எதுக்கு? நாங்க தோண்டுன மண்ணுக்குக் கூலி வந்தாப் போதும்” என்றாள். அந்தச் சொல் எம்மை உறங்கவிடவில்லை.

இரு தரப்பாரையும் பங்கு இல்லத்துக்கு அழைத்தோம். யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பிட யாம் முனையவில்லை. அது எமக்குத் தெரிந்த தொழிலும் அன்று. ஒன்றை மட்டுமே கேட்டோம்: “குழி இன்னும் மூடப்படவில்லையே, மூடுமுன் இருவரும் சேர்ந்து அளந்தால் என்ன?” மறு வாரம் பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் மேஸ்திரியும் நாடாவைப் பிடித்து அளந்தனர். கரிசல் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம் என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. தகராறு வேலை முழுவதிலும் இல்லை. அதில் ஒரு பகுதியில்தான் இருந்தது. தகராறு இல்லாத பகுதிக்கு பில் எழுதப்பட்டது. அந்தப் பணத்திலிருந்து முதலில் கூலி, நகராட்சி ஊழியர் முன்னிலையில், பெயர் பெயராக வழங்கப்பட்டது. மீதித் தகராறு மேல் அதிகாரியிடம் சென்றது. ஒப்பந்தக்காரர் கேட்டது முழுவதும் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்றும் அவருக்கு அதில் மனக்குறை உண்டு. ஆனால் கால்வாய் முடிந்தது.

எழுத்தில் இல்லாத வேலைக்குப் பணம் உண்டா என்ற கேள்வி நம் நாட்டில் புதிதன்று. வங்கத்தைப் பஞ்சம் வாட்டிய 1943 ஐ அடுத்து, 1944 இல், ஆரம்பாக் என்னும் ஊரில் உணவு வழங்கல் துறை அலுவலர் கேட்டுக்கொண்டபடி ஒரு நிறுவனத்தார் சேமிப்புக் கொட்டகைகளைக் கட்டிக்கொடுத்தனர். சட்டம் கேட்கும் முறையில் ஒப்பந்தம் எழுதப்படவில்லை. அரசு பணம் தர மறுத்தது. 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 70 ஆம் பிரிவின்படி, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை ஏற்று அனுபவிப்பவர் அதற்கு ஈடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பந்தக்காரர் மகிழத்தக்க தீர்ப்புதான். ஆனால் அது வந்த ஆண்டு 1961! கொட்டகை கட்டிப் பதினேழு ஆண்டுகள். அங்கே மண் சுமந்தவர்களுள் எத்தனை பேர் அதைக் கேட்க உயிரோடிருந்தனரோ, ஆண்டவரே அறிவார்.

வழக்குமன்றம் வேண்டாம் என்று யாம் சொல்லவில்லை. சமரசத்துக்கென்றே 2023 இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. அரசு ஒப்பந்தங்களில் ஒரு தரப்பே தனித்து நடுவரை நியமிப்பது சமத்துவத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகலாகாது என்பது பாமரனுக்கும் விளங்கும் நியாயமே. எனினும் எல்லா வழிகளிலும் சிறந்தது, எதிராளியோடு வழியிலிருக்கும்போதே சமாதானம் செய்துகொள் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் காட்டிய வழி. நகராட்சி வேலையில் அந்த ‘வழி’ என்பது, குழி திறந்திருக்கும் காலந்தான். மூடியபின் சாட்சி மண்ணுக்குள் போய்விடுகிறது.

ஆகையால் அளவுப் புத்தகம் வெறும் அலுவலகக் காகிதமன்று. அதில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சத்தியம். செய்யாத வேலையை எழுதுவது களவு. செய்த வேலையை எழுதாமல் இழுத்தடிப்பதும் களவே. பொறியாளர் அன்பர்களே, கூடுதல் வேலை தேவையென்று கண்டால் வாயால் சொல்லி அகலாதீர்கள். இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தக்கார அன்பர்களே, இடம் ஒப்படைக்கப்படவில்லையென்றால் அன்றே கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்; கெடு முடியுமுன்பே கால நீட்டிப்புக் கேளுங்கள். மன்ற உறுப்பினர்களே, வேலை நடக்கும் இடத்துக்கு வாரம் ஒருமுறை சென்று பாருங்கள்; பங்கு கேட்பதற்காக அல்ல.

கூலியைப் பற்றி இறுதியாக ஒன்று. ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் வேலையை ஒப்படைத்த முதன்மை வேலையளிப்பவர் தாமே கொடுத்து, பின்னர் அவரிடம் வசூலித்துக்கொள்ளவேண்டும் என்பது 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் எழுதப்பட்ட கொள்கை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது நிலைத்திருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981 இல் வெளியிட்ட ‘லபோரெம் எக்ஸெர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடல், நேரடியாக வேலை வாங்குவோரை மட்டுமன்றி, வேலையின் நிபந்தனைகளை அப்பாலிருந்து நிர்ணயிப்போரையும் ‘மறைமுக வேலையளிப்பவர்’ என அழைத்து, அவர்களுக்கும் பொறுப்புண்டு என்று போதிக்கிறது. அப்படியானால் நகராட்சிக்கு மட்டுமல்ல, வரி செலுத்தி, வாக்களித்து, அந்தக் கால்வாயால் நலம் பெறும் நமக்கும் அப்பொறுப்பில் பங்குண்டு.

சிவகாசியும் திருத்தங்கலும் 2021 இல் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. வருங்காலத்தில் இவ்வட்டாரத்தில் சாலைகளும் கால்வாய்களும் பெருகும், தகராறுகளும் பெருகக்கூடும். அறுவடை செய்தோரின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்றும் யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். ஆகவே உங்கள் தெருவில் வேலை நின்றுபோனால், “எப்போது முடியும்?” என்று கேட்குமுன், “கூலி கொடுத்தாயிற்றா?” என்று கேளுங்கள். அக்கேள்வியைப் பத்துப் பேர் கூடிக் கேட்கும் ஊரில், பில்லும் நெடுநாள் உறங்காது.